கடலடி அழுத்தத்தில் குடியிருப்பு: ஒரு சாச்சுரேஷன் டைவரின் அனுபவம்

மும்பைக் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் பல வருஷமாக சாச்சுரேஷன் டைவராக, அதாவது கடலடி அழுத்தத்திலேயே நாள்கணக்கில் தங்கி வேலை பார்க்கும் டைவராக இருக்கிறேன். சொந்த ஊர் தரங்கம்பாடி. ஊருக்கு வரும்போதெல்லாம் நாகை, பூம்புகார் பக்கத்துப் பையன்கள் "அண்ணே, சம்பளம் எவ்வளவு?" என்று விசாரிக்கிறார்கள். உள்ளே எப்படி வாழ்வது என்று யாரும் கேட்பதில்லை. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

1962-ல் பிரான்ஸின் மார்செய் கடலோரத்தில், பத்து மீட்டர் ஆழத்தில் அமைத்த வீட்டில் இரண்டு பேர் ஒரு வாரம் தங்கினார்கள். எங்கள் வீடு அப்படிக் கடலுக்குள் இல்லை. கப்பல் தளத்தில் ஓர் இரும்பு அறை, அதற்குள் கடலடியின் அழுத்தம். 70 மீட்டர் ஆழத்து வேலை என்றால் அறைக்குள்ளும் வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு அழுத்தம். அங்கிருந்து 'பெல்' என்ற மூடிய கூண்டில் ஏறி வேலைக்கு இறங்குவோம். உடம்பு நாங்கள் மூச்சுவிடும் வாயுவால் முழுக்க நிறைந்துவிட்டால், மேற்கொண்டு எத்தனை நாள் இருந்தாலும் வெளியே வர ஆகும் நேரம் ஒன்றுதான். அதனால் 28 நாள் வரை உள்ளேயே வைத்துவிடுகிறார்கள்.

மூச்சுக்கு ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயு. ஹீலியம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அறை 30 டிகிரி இருந்தும், சூடு கொஞ்சம் குறைந்தாலே நடுங்கும். குரல் கீச்சென்று மாறும். அம்மாவுக்குப் போன் போட்டால் ஒன்றும் விளங்காது, வாட்ஸ்அப்பில் எழுதுவதோடு சரி. சாப்பாடு சின்ன லாக் (இரண்டு கதவு உள்ள பெட்டி) வழியாக வரும், ஆனால் நாக்கில் ருசி மங்கிவிடும். ஊறுகாய் இல்லாமல் நான் உள்ளே போவதில்லை. கழிவறையில் தண்ணீர் விடக்கூட வெளியே இருப்பவரிடம் சொல்ல வேண்டும். ஈரமும் சூடும் சேர்ந்து காதில் கிருமி சீக்கிரம் வளரும், தினமும் சொட்டு மருந்து விட்டே ஆகணும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு நான் திரும்பத் திரும்பப் போவது மீனுக்காகத்தான். எண்ணெய் எடுக்கும் பிளாட்ஃபார்மின் கால்களில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் கொட்டலசையும் சுரண்ட ஆரம்பித்தால் பாறை மீன் கூட்டமாக வந்து உதிர்வதைக் கொத்தும். ஊரில் களவாவை ஏலத்துக்கு வரும் கூடையில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே கை எட்டும் தூரத்தில் வந்து நிற்கும். ஹெல்மெட் விளக்கில் செவுள் திறந்து மூடுவது தெரியும். ஸ்பானரை நகர்த்தினால் உடம்பு அசையாது, கண் மட்டும் கூடவே திரும்பும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்தோல் வெளுக்கும், மறுபடி கறுக்கும்.

வலையில் ஏறினால் நாம் பதறி உதறுகிற கடல் பாம்பும் வரும். அதற்கும் நுரையீரல்தான், மூச்சு வாங்க மேலே போய்விட்டு வரும். அது போவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதே தூரத்தை நான் கடக்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். அவசரப்பட்டால் ரத்தத்தில் குமிழ் கட்டி உயிர் போய்விடும்.

அழுத்தம் குறைக்கும் அந்த நாட்களில் வேலை கிடையாது, படுத்துக் கிடக்க வேண்டியதுதான். ஒருமுறை கூட இருந்தவருக்கு அப்பா தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. கதவு பக்கத்திலேயே இருந்தும் அவரால் கிளம்ப முடியவில்லை. காரியம் வீட்டில் நடந்து முடிந்தது. இந்த வேலையில் எனக்கு உண்மையிலேயே கஷ்டமாகத் தெரிவது இது ஒன்றுதான்.

நீச்சலும் கடல் பழக்கமும் நம் பையன்களுக்குக் கூடவே பிறந்தது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் காதும் சைனஸும் சரியாக இருக்கிறதா என்று ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சாதாரணக் காற்று டைவிங்கில் சில வருஷம் கை பழகட்டும். அப்புறம், நடுவில் கூப்பிட்டால் வர முடியாது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்புங்கள்.