வாளையாறு ரோட்டுப் பழம்பொருள் கடையில் இரண்டு ஜப்பான் வாள்கள்: விலை தலைகீழ்

வாளையாறு தாண்டிப் பாலக்காடு போகும் வழியில் இருக்கும் இந்தக் கடையில் வெண்கல உருளி, நெட்டூர் நகைப்பெட்டி, தறவாட்டு வீட்டுக் கதவுகள் எல்லாம் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விஷயம் கண்ணாடி அலமாரியில் இருக்கும் இரண்டு வாள்கள். இரண்டுக்கும் ஒரே அட்டை: ‘ஒரிஜினல் சாமுராய், 400 வருடம்’. பளபளப்பானது 2 லட்சம், மங்கலானது 1.10 லட்சம்.

பளபளப்பானது சாமுராய் வாளே அல்ல. ஜப்பான் ராணுவம் 1935-இல் கொண்டுவந்த 95-ஆம் வகை ராணுவ வாள். சார்ஜென்ட் நிலையில் இருந்தவர்களுக்காகத் தொழிற்சாலையில் செய்தது. பிடியில் கயிறு சுற்றியதுபோலத் தெரிவது வார்த்த அலுமினியம், மேலே பெயிண்ட். அலகைப் பிடித்து நிறுத்துவது ஒரு ஸ்குரு. அலகின் அடியில் குத்திய எண்ணும் உறையில் குத்திய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே வேறு வேறு, அதாவது உறை மாறியிருக்கிறது.

மங்கலானதற்கும் ராணுவப் பிடியும் தோல் போர்த்திய உறையும்தான். ஆனால் உள்ளே இருப்பது பழைய அலகு. வீட்டிலிருந்த பரம்பரை அலகுக்கு ராணுவப் பிடி மாட்டிக்கொண்டு போருக்குப் போன அதிகாரிகள் பலர். 1945-இல் பர்மாவிலும் மலாயாவிலும் சரணடைந்தபோது அவர்கள் ஒப்படைத்த வாள்களில் சில இந்தியப் பட்டாளத்துக்காரர்களின் டிரங்குப் பெட்டியில் ஊர் வந்து சேர்ந்தன.

அலகு 62 செ.மீ. முதுகுப்புறத்தில் பிடியை ஒட்டியிருக்கும் அடி வெட்டிலிருந்து முனைவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். வளைவையொட்டி டேப் பிடித்தால் கணக்குத் தப்பும். 60.6 செ.மீ.யைத் தாண்டினால் கத்தானா என்ற நீள வாள், குறைந்தால் வாகிசாஷி என்ற குட்டை வாள். பிடியைக் கழற்றினால் அதற்குள் மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதியான காம்பில் இரண்டு துளைகள். அதாவது நீளமான வாளை அடியில் வெட்டிக் குறைத்திருக்கிறார்கள்; கொல்லர் பெயர் பொறித்திருந்தால் அது அந்தத் துண்டோடு போயிருக்கும். பழைய வாள்களில் இது சகஜம், மோசடி இல்லை.

வேலைப்பாட்டைப் பார்க்க டியூப்லைட் உதவாது. ஒற்றைக் குண்டு பல்பை நோக்கி அலகைக் கண்மட்டத்தில் நீட்டிப் பாருங்கள். கூர்ப்பக்கம் ஓடும் வெண்ணிற எல்லைக்கோடு, அதாவது ஹமோன், ரவை தூவினாற்போல மினுங்குகிறது. ஆசிட்டில் வரைந்த போலிக்கோடு எந்தக் கோணத்திலும் ஒரே வெள்ளையாகத் தட்டையாகத் தெரியும். இரும்பு மணலை உருக்கி எடுத்த தமஹகானே எஃகைப் பத்துப் பதினைந்து முறை மடித்து அடிப்பார்கள். கசடு வெளியேறி, கரிமம் சீராகப் பரவுவதற்காக. பிறகு முதுகில் தடிமனாகவும் கூரில் மெல்லியதாகவும் களிமண் பூசி, சுமார் 800 டிகிரிக்குச் சூடேற்றித் தண்ணீரில் முக்குவார்கள். சட்டென்று குளிரும் கூர்ப்பக்கம் கடினமாகிச் சற்று விரியும். வாளின் வளைவு பெரும்பாலும் அதனால் வருவது. அதே நொடியில் கூரில் குறுக்கு விரிசல் விழுந்தால் வாள் செத்தது. இந்த அலகில் விரிசல் இல்லை. ஹமோன் முனைவரை போய் முறையாகத் திரும்புகிறது.

கெடுத்தது கடைக்காரர். காம்பின் ஒரு பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். வயதைச் சொல்வதே அந்தக் கருந்துருவும் அரத்தடமும்தான். அந்தப் பக்கம் இரண்டும் போச்சு. மூங்கில் ஆப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரும்பாணி. அது துருப்பிடித்துப் பிடிமரத்தைப் பிளந்துவிடும். அலகில் பூசியிருப்பது தேங்காயெண்ணெய், நாள்பட்டுப் பிசுக்கு ஏறியிருக்கிறது. மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் போதும். முதுகுப்பக்கமாகத் துணியைப் பிடித்து, அடியிலிருந்து முனைக்கு மட்டும் துடைக்க வேண்டும். பாலக்காட்டு ஆடி மழைக்கு மாதம் ஒருமுறை புது எண்ணெய் அவசியம். வாங்கினால் சாணை இலவசம் என்கிறார். வேண்டவே வேண்டாம், ஹமோன் தேய்ந்தால் திரும்ப வராது.

‘400 வருடம்’ என்பதற்குக் காகிதம் எதுவும் இல்லை. டோக்கியோவில் 1948 முதல் இயங்கும் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் சான்றிதழ் தருகிறது. ஆனால் 100 வருடம் தாண்டிய பொருளை நாட்டைவிட்டு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். கூரியரில் போட்டு அனுப்ப முடியாது. எனவே அட்டையை மறந்துவிட்டு அலகுக்கு மட்டும் விலை பேசுங்கள். காம்பைக் கெடுத்ததைக் காட்டிக் கேட்டால் 80 ஆயிரத்துக்கு இறங்கலாம், அதற்குத் தகும். பளபளப்பானதை உறை மாறிய நிலையில் தொட வேண்டியதில்லை. வாள் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருவதால், முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லில் ‘அலங்காரப் பொருள்’ என்று எழுதித் தருகிறார்கள். ‘வாள்’ என்றே எழுதி வாங்குங்கள், செக்போஸ்டில் பை திறந்தால் அதைத்தான் கேட்பார்கள்.