ஓவுலேஷன் ஸ்ட்ரிப்: 5-க்கு 3

எனக்கு பீரியட்ஸ் 33, 34 நாளுக்கு ஒருமுறைதான் வரும். போனில் இருக்கிற ஆப் மட்டும் முட்டை வெளிவரும் நாள் என்று விடாமல் 14-ஆம் நாளையே காட்டிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு முயற்சி செய்கிற நேரம் என்பதால், மெடிக்கல் ஷாப்பில் ஓவுலேஷன் ஸ்ட்ரிப் வாங்கினேன். முட்டை எப்போது வெளிவரும் என்று சிறுநீரை வைத்துப் பார்க்கிற பட்டை இது.

வேலை செய்கிறது. 19-ஆம் நாள் சாயங்காலம் இரண்டு கோடும் ஒரே அழுத்தத்தில் வந்தன. முட்டை வெளிவந்த பிறகு பீரியட்ஸ் வர பெரும்பாலும் 14 நாளை ஒட்டித்தான் ஆகும், இழுத்தடிப்பது முன்பாதிதான். ஆகவே கணக்கு சரி.

ஆனால் இந்த ஸ்ட்ரிப் கண்டுபிடிப்பது முட்டையை இல்லை, எல்எச் ஹார்மோனை. முன்பாதியில் சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும்வரை, அது மூளையடியில் இருந்து எல்எச்சைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அடக்கியே வைத்திருக்கும். முட்டைப்பை வளர்ந்து, ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்கு ஏறி, இரண்டு நாள் போல அங்கேயே நின்றால் கதை மாறிவிடும். அதட்டிக்கொண்டே இருந்த மாமியார் திடீரென்று "சினிமாவுக்குப் போய்ட்டு வாம்மா" என்பது மாதிரி, அதே ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியை உசுப்பிவிடும். எல்எச் குபீரென்று ஏறும். ஏறத் தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும். கோடு அழுத்தமாவது அந்த ஏற்றத்தில்தான்.

அப்புறம் முட்டை வந்த இடத்திலிருந்து புரொஜெஸ்டிரோன் சுரந்து, ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்து பிட்யூட்டரியை மறுபடி அடக்கிவிடும். கோடு மங்கிவிட்டால் மேற்கொண்டு ஸ்ட்ரிப்பை வீணாக்க வேண்டாம்.

என் குறை உள்ளே இருக்கும் தாளைப் பற்றியது. கோடு சமமானால் முட்டை வந்துவிடும் என்று அடித்துச் சொல்கிறது. எல்எச் ஏறியும் முட்டை வராமல் போகலாம். என் அக்காவுக்கு பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி. அது இருப்பவர்களில் பலருக்கு எல்எச் எப்போதுமே தூக்கலாக இருக்கும். அவளுக்கு நாள் தவறாமல் அழுத்தமான கோடு! பாவம், வீட்டுக்காரரை வெளியூர் வேலைக்குக்கூடப் போகவிடவில்லை. பிசிஓடி பற்றித் தாளில் ஒரு வரி இல்லை. அவளுக்கு விஷயம் தெரிந்தது முட்டைப்பை வளர்வதைப் பார்க்க டாக்டர் எடுத்த ஃபாலிகுலர் ஸ்கேனில்தான். முட்டை வந்ததா என்று உறுதியாகத் தெரிய, ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் பார்க்கலாம்.

வாங்குகிறவர்களுக்கு: காலை முதல் சிறுநீர் வேண்டாம், மதியத்துக்கு மேல் பாருங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைக் குறையுங்கள். பெட்டியில் கப் கிடையாது, தனியாக வாங்க வேண்டும்.