குனிந்து பார்க்க வேண்டிய மரங்கள்: ஓமியா போன்சாய்க் கலை அருங்காட்சியகம்

டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா நகரில் இருக்கும் ஓமியா போன்சாய்க் கலை அருங்காட்சியகத்துக்குப் போவது எளிது. உத்சுனோமியா ரயில் தடத்தில் தோரோ நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடைதான். நான் சென்றபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 310 யென். வியாழக்கிழமை விடுமுறை.

கட்டடம் சிறியது, வேகமாக நடப்பவர் அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். ஆனால் முதல் கூடத்தில், தொட்டியில் சிறிய உருவில் வளர்க்கப்படும் மரமான போன்சாயை எப்படிப் பார்ப்பது என்று விளக்கும் பகுதியை அவசரமின்றி, ஆங்கிலக் குறிப்புகளையும் படித்துக்கொண்டே கடந்து வருமாறு வேண்டுகிறேன். ஒவ்வொரு மரத்துக்கும் முன்புறம் என்று ஒன்று உண்டு. அங்கே நின்று சற்றே குனிந்து, மண்ணைப் பற்றியிருக்கும் வேரிலிருந்து தண்டு வழியாகக் கண்ணை மேலே கொண்டுபோக வேண்டும். அப்படிப் பார்த்தபோது, முழங்கால் உயரமே இருந்த ஒரு பைன் மரம், மலைச்சரிவில் நிற்கும் பெருமரத்தை அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் உணர்வைத் தந்தது. ஜுனிப்பர் மரங்களில் பட்டுப்போன பகுதி வெட்டி எறியப்படாமல் எலும்பைப் போல வெளுத்து நிற்க, அதையொட்டிச் செம்பழுப்பு நிறத்தில் ஓடும் ஒரு குறுகிய உயிர்ப்பட்டை மட்டுமே மேலேயுள்ள பசுமை முழுவதற்கும் நீரைக் கொண்டுசெல்கிறது. அந்தப் பட்டையை வேரிலிருந்து நுனிவரை கண்ணால் பின்தொடர்வதற்கே எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அடுத்து, ஜப்பானிய வீட்டு வரவேற்பறையின் அலங்கார மாடத்தில் மரத்தையும் தொங்கு ஓவியத்தையும் அமைக்கும் முறையை, மிகுந்த சம்பிரதாயமானது முதல் இயல்பானது வரை மூன்று நிலைகளில் காட்டியிருக்கிறார்கள். போன்சாய் வெளியில் வாழும் மரம். கூரைக்குள் நெடுநாள் தாங்காது. ஆகவே உள்ளே இருப்பவற்றை அடிக்கடி மாற்றுகிறார்கள்.

தோட்டம்தான் இந்த இடத்தின் உயிர். ஏறக்குறைய அறுபது மரங்கள் திறந்த வெளியில் பீடங்களின்மேல் நிற்கின்றன. 1.6 மீட்டர் உயரமும் 1.8 மீட்டர் அகலமும் கொண்ட ‘சியோ நோ மாட்சு’ என்னும் ஐந்தூசிப் பைனின் முன்னால் போன்சாய் என்றால் கைக்கடக்கமானது என்ற எண்ணம் நிற்காது. சுமார் ஆயிரம் ஆண்டு வயது மதிக்கப்படும் ‘தொதொரொகி’ என்னும் எசோ ஸ்புரூஸ் மரமும் இந்தத் தொகுப்பைச் சேர்ந்ததே.

மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குவதே இக்கலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் இந்த மரங்களுக்கு உரம் இடுகிறார்கள், உரிய காலத்தில் மண்ணை மாற்றி வேரைச் சீர்செய்கிறார்கள், கிளைகளுக்குக் கம்பி சுற்றி வடிவம் தருகிறார்கள். பராமரிப்பால் இலை சிறுக்கும், கனி சிறுக்காது. இலையுதிர்காலத்தில் சீனக் குவின்ஸ் மரத்தில் கைமுட்டியளவு மஞ்சள் பழம் தொங்குவதைக் கண்டவர் பட்டினி என்ற சொல்லை மீண்டும் எடுக்கமாட்டார். நீர் ஊற்றப் பழகவே மூன்று ஆண்டுகள் ஆகும் என்று இத்தொழிலில் சொல்வார்கள். ஒரே ஒரு கோடைநாள் நீர் மறந்தால் பல தலைமுறை உழைப்பு கருகிவிடும் என்பதை எண்ணும்போது, அது மிகையாகத் தோன்றவில்லை.

அருங்காட்சியகம் 2010இல் திறக்கப்பட்டது. இதன் அடிப்படைத் தொகுப்பு டோக்கியோவில் இருந்த தகாகி போன்சாய் அருங்காட்சியகத்திலிருந்து வந்தது. பக்கத்திலுள்ள போன்சாய்க் கிராமமோ மிகப் பழையது. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்துக்குப் பின், நல்ல மண்ணும் நீரும் காற்றும் தேடி வந்த டோக்கியோ வளர்ப்பாளர்கள் 1925இல் அதை அமைத்தனர். குடியேறுபவர் பத்துப் போன்சாய்களாவது வைத்திருக்க வேண்டும், மாடி வீடு கட்டக் கூடாது, வேலிக்குச் செடிகளையே வளர்க்க வேண்டும், வாசலை யாவருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்பவை அவர்கள் வகுத்த விதிகள். இன்றும் அங்கே சில தோட்டங்கள் இயங்குகின்றன. அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு அங்கே நடப்பதே சரியான வரிசை. மே மாதத் தொடக்கத்தில் நடக்கும் போன்சாய்ப் பெருவிழாவின்போது கூட்டம் மிகும். அமைதியை விரும்புபவர்கள் நவம்பரில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

மரம் வாங்கி வர ஆசை எழும். இந்தியாவுக்குச் செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும் என்பதால், நான் ஒரு வெறுந்தொட்டியோடு திரும்பினேன்.