கார்னர் சேர்: வயதைச் சொல்லி வாங்காதீங்க

பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் தெரபிக்குப் போகிற சி.பி. (செரிபிரல் பால்சி, மூளை முடக்குவாதம்) உள்ள பிள்ளைகளுக்குப் பிசியோ வாங்கச் சொல்கிற சாமான்களில் ஒன்று பலகைக் கார்னர் சேர். பின்பலகை ரெண்டும் மூலையாகச் சேர்ந்து தோளை முன்னால் கொண்டுவரும். பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்த கைகள் நடுவுக்கு வரும். இந்த வேலையைச் சேர் ஒழுங்காகச் செய்கிறது. கோளாறு அளவில்தான்.

ரெடிமேடில் வயதைக் கேட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மெலிந்த பிள்ளைக்கு அதில் சீட்டின் ஆழம் கூடிப்போகும். புட்டம் பின்பலகையில் ஒட்டியிருக்க, முழங்கால் மடிப்புக்கும் சீட் ஓரத்துக்கும் நடுவே 2 விரல் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் விளிம்பு இடித்து, இடுப்பு முன்னே வழுக்கி, பிள்ளை கூன் போட்டுவிடும். உடனே பெல்ட்டை இறுக்குவோம்; அது வயிற்றுக்கு ஏறி அழுத்தும். பெல்ட் கிடக்க வேண்டியது தொடை மடிப்பில், சாய்வாக.

கால் பின்னிக்கொள்ளாமல் இருக்கத்தான் நடுக்கட்டை. அது முழங்கால் பக்கம் இருக்கணும். கவட்டையோடு ஒட்டி வைத்தால் வழுக்கலைத் தடுக்கும் முட்டாகிவிடும், புண்ணும் வரும்.

கால் நீட்டி உட்காரும் தரை மாடல், தொடையின் பின்தசை இறுகிய பிள்ளைக்கு ஒத்துவராது. காலை நீட்டினாலே இடுப்பு பின்னால் சாயும். கால்பலகை உள்ள மாடலே மேல்.

ட்ரே முழங்கை உயரத்தில் இருக்கணும். கூடினால் தோள் காதுக்கு ஏறும். ஓரத்தில் 1 அங்குலச் சட்டம் அவசியம், இல்லாவிட்டால் அம்பாசமுத்திரம் செப்புச் சாமான் (மரத்தில் செய்த குட்டி விளையாட்டுப் பாத்திரங்கள்) எல்லாம் உருண்டு தரைக்குப் போய்விடும். (வாயில் போடும் பிள்ளைக்குச் செப்பில் பெரிய உருப்படி மட்டும்.)

ரெக்சின் உறை நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது, தொடை வெந்துபோகும். மேலே பழைய பருத்தி வேட்டியை மடித்துப் போடுங்க. மெத்தென்ற ஸ்பாஞ்சும் வேண்டாம், அமுங்கி ஒரு பக்கம் சாயவைக்கும்.

பிசியோ எழுதித் தரும் அளவோடு உள்ளூர் ஆசாரியிடம் 18 மி.மீ. பிளைவுட்டில் செய்வதே எங்கள் சிபாரிசு. கால்பலகைக்கு 1 அங்குலத்துக்கு ஒரு போல்ட் துளை போடச் சொல்லுங்க, வளர வளர இறக்கலாம்.

முதலில் 15 நிமிஷம் போதும். தலை பின்னால் தொங்குகிற பிள்ளைக்கு இதில் வைத்துச் சோறு ஊட்டாதீங்க, புரையேறும். அதற்குத் தலையணைப் பலகை வைத்த வேறு சேர் இருக்கு.