வலியைப் பற்றிய புத்தகம் என்றார்கள், நான் செருப்பைப் பற்றிப் படித்தேன்

டாக்டர் பால் பிராண்ட், அமெரிக்க எழுத்தாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய 'தி கிஃப்ட் ஆஃப் பெயின்' புத்தகத்தை வேலூரில் யாராவது யாருக்காவது சிபாரிசு செய்துகொண்டே இருப்பார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் டாக்டராகவோ நர்ஸாகவோ சர்ச்சில் பேசுகிறவராகவோ இருப்பார். 1993-இல் 'பெயின்: தி கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்' என்று வந்து பிறகு பெயர் மாறிய அதே புத்தகம்தான் இது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டு தடவை காசு கொடுத்துவிடாதீர்கள். நான் டாக்டர் இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூமில் பேட்டர்ன், அதாவது ஷூவின் துண்டுகளுக்கான மாதிரி வடிவம், வெட்டுகிறவன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது தையல் செக்‌ஷன் பையன் ஒருவன் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, வலியப் பத்தி இம்மாம் பெரிய புஸ்தகமா?" என்றான். ஷூ செய்கிற யாரும் படித்திருக்க வேண்டிய புத்தகம்டா என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிராண்ட் பிறந்தது 1914-இல், கொல்லிமலையில். அப்பா அம்மா மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனவர், அறுவைசிகிச்சை டாக்டராகி 1946-இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏறக்குறைய இருபது வருஷம் இங்கே வேலை பார்த்துவிட்டு 1966-இல் அமெரிக்காவில், லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். 2003-இல் இறந்தார். கொல்லிமலைப் பக்கங்கள் அருமையாக இருக்கும். அவருடைய அப்பா நோயாளியின் காலிலிருந்து நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுக்கும் காட்சியைப் படித்த அன்று நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். முதல் அத்தியாயமும் அப்படித்தான். வலியே தெரியாத ஒரு குழந்தை தன் விரலைத் தானே கடித்து, வருகிற ரத்தத்தில் படம் வரைந்து விளையாடுகிறது. சாப்பிடும்போது படிக்கிற புத்தகம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிராண்ட் இங்கே வந்த புதிதில் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரன் அவரைச் செங்கல்பட்டு சானடோரியத்துக்கு அழைத்துப் போகிறார். மடங்கிப்போன விரல்கள், தேய்ந்த பாதங்கள். இந்தக் கைகால்களை எலும்பு டாக்டர்கள் யாரும் ஆராயவில்லையா என்று பிராண்ட் கேட்கிறார். இல்லை என்பதுதான் பதில். நோய் வந்தால் சதை அழுகும், விரல் விழும், அவ்வளவுதான் என்று அந்தக் காலத்து மருத்துவ உலகமே நினைத்திருந்தது. நோய்க்கிருமியை ஹான்சன் நார்வேயில் கண்டுபிடித்தது 1873-இல். அதற்குப் பிறகும் எழுபது வருஷத்துக்கு மேல் இந்த நம்பிக்கை அசையவில்லை. பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் வேலூரில் கண்டது வேறு: சதையில் ஒரு கோளாறும் இல்லை. தோலுக்கு அருகே, உடம்பின் குளிர்ச்சியான இடங்களில் ஓடும் நரம்பைத்தான் கிருமி பிடிக்கிறது. முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் போன்ற இடங்கள். நரம்பு செத்தால் வலி போய்விடும். வலி போனவன் சூடான பாத்திரத்தைப் பிடிப்பான், ஆணியை மிதித்துக்கொண்டே நடப்பான், ராத்திரி எலி விரலைக் கடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். இந்த எலி விஷயத்தை அவர்கள் கண்டுபிடிக்கும் பகுதியில் துப்பறியும் கதையின் வேகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம்.

இதுவரைக்கும் எல்லா மதிப்புரையிலும் வருகிற சங்கதிதான். எனக்கு உடம்பு சிலிர்த்தது அடுத்த கட்டத்தில்.

ஷூ ஃபிட்டிங் எப்படிப் பார்க்கிறோம்? ஆண்கள் ஷூவென்றால் 42 சைஸில் சாம்பிள் போட்டு, அந்தக் கால் அளவு இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு நடக்கச் சொல்வோம். "சுண்டுவிரல்கிட்ட கடிக்குது", "குதிகால்ல உரசுது" என்று அவர் சொல்வார். நான் பேட்டர்னில் ரெண்டு மில்லிமீட்டர் கூட்டுவேன், குறைப்பேன். லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சு, அளவு அட்டை, கம்ப்யூட்டர் டிசைன் எல்லாம் இருந்தாலும் கடைசித் தீர்ப்பு அந்த ஒரு வார்த்தைதான்: கடிக்குது. இப்போது யோசித்துப் பாருங்கள், கடிப்பதே தெரியாத காலுக்கு ஷூ செய்ய வேண்டும். போட்டவரைக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார். சாயங்காலம் கழற்றினால் காலில் புண். அதையும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

பிராண்ட் மாட்டிக்கொண்டது இந்த முடிச்சில். கையை அறுவைசிகிச்சையில் சரிசெய்ய வழி கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கால் புண் ஆறி வீட்டுக்குப் போனவர் அதே புண்ணோடு திரும்பி வருகிறார். அப்புறம்தான் ஆள் செருப்புத் தைக்கிற வேலையில் இறங்குகிறார். மரக்கட்டைச் செருப்பு, பிளாஸ்டர், பிளாஸ்டிக், ரப்பர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பெரிய ஆஸ்பத்திரி சர்ஜன் செருப்புக்கு ஏற்ற பொருளைத் தேடி அலைகிறார். கடைசியில் நிலைத்தது எம்.சி.ஆர். என்று நம் தொழிலில் சொல்கிற மைக்ரோசெல்லுலார் ரப்பர், உள்ளே நுண்ணிய காற்றறைகள் உள்ள ரப்பர். காலுக்கு மெத்தென்று அது, அடியில் ஆணியோ கண்ணாடித் துண்டோ ஏறாத கெட்டி ரப்பர். பல இடங்களில் பழைய டயரையே வெட்டிப் போட்டார்கள். உணர்வில்லாத காலுக்கான செருப்பில் ஆணி அடிக்கவே கூடாது, எல்லாம் ஒட்டும் தையலும்தான். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கென்று மருந்துக்கடை வாசலில் தொங்குகிற செருப்புகளில் பலவும் இந்த வம்சம்தான். காட்பாடி பக்கம் கரிகிரியில் 1955-இல் தொடங்கிய ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கும் இந்தச் செருப்பு வரலாற்றில் பெரிய பங்கு உண்டு. அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் எத்தனை ஷூ தொழிலாளிகள் இது தெரியாமல் தூங்கிக்கொண்டு போகிறோம்.

புத்தகத்தின் உயிர் இருப்பது அழுத்தத்தைப் பற்றி அவர் சொல்வதில்தான். கால் மூன்று விதமாகக் கெடும் என்கிறார். ஒன்று, ஒரே அடியில் கிழிப்பது: ஆணி, கண்ணாடி. இது நமக்கே தெரியும். இரண்டாவது, லேசான அழுத்தம் மணிக்கணக்கில் விடாமல் இருப்பது. இறுக்கமான ஷூவின் வேலை இது. அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் சதை செத்துவிடும். மூன்றாவதுதான் யாரும் கணக்கில் எடுக்காதது. நடப்பதில் வருகிற சாதாரண அழுத்தம், எந்தக் கெடுதலும் செய்யாத அழுத்தம், அதே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப விழுவது. கார்வில்லில் எலியின் பாதத்தில் ஒரு இயந்திரத்தை வைத்து மெல்ல மெல்லத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு தட்டு ஒன்றும் செய்யாது. நாள் கணக்கில் தட்டினால் சிவந்து, வீங்கி, உடைகிறது.

அப்படியானால் நமக்கு ஏன் புண் வருவதில்லை? நெடுந்தூரம் நடந்தால் நாம் அறியாமலே அடி வைக்கிற விதத்தை மாற்றுகிறோம். பாரத்தைக் கொஞ்சம் வெளி ஓரத்துக்கு, கொஞ்சம் குதிகாலுக்கு நகர்த்துகிறோம். புகார் செய்யும் அளவுக்கு வலி வருவதற்கு முன்னாலேயே கால் இதைச் செய்துவிடுகிறது. உணர்வில்லாதவரின் கடைசி அடியோ முதல் அடி போலவே விழுகிறது. இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் கம்பெனியில் ஃபிட்டிங்குக்கு வருகிறவரைப் பத்தடி நடக்கவிட்டு உட்கார வைப்பதை நிறுத்தினேன். இப்போது அவர் காம்பவுண்டைச் சுற்றி வருகிறார், வெயிலில் என்னைத் திட்டிக்கொண்டே. பத்தடியில் வராத புகார் அரைமணி நேரத்தில் வருகிறது.

கால் பேசாதபோது வேறு எதையாவது பேச வைக்க வேண்டும். அழுத்தம் அதிகமான இடத்தில் உடைந்து நிறம் காட்டும் நுண்குமிழ்கள் உள்ள சாக்ஸ் செய்கிறார்கள். தோலின் சூட்டைப் படம் பிடித்து, புண் வருவதற்கு முன்னாலேயே கொதிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இன்றைக்குப் பெரிய விளையாட்டு ஷூ கம்பெனிகள் சென்சார் பலகை வைத்துச் செய்கிற வேலையின் முன்னோடி இது. நான் இந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து சாம்பிள் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரே ஒரு மனக்குறை: எனக்கு இந்தச் செருப்புப் பகுதி போதவில்லை. இன்னும் ஐம்பது பக்கம் இருந்திருந்தாலும் படித்திருப்பேன். பொது வாசகர் கொட்டாவி விட்டிருப்பார், அதுவும் சரிதான்.

என் மாமனாருக்குச் சர்க்கரை. கடையில் செருப்பு எடுக்கும்போது எப்போதும் ஒரு சைஸ் சின்னதாகத்தான் எடுப்பார். "லூசா இருந்தா கால்ல நிக்கவே மாட்டேங்குது மாப்ள" என்பார். உணர்வு குறைந்த காலுக்கு இறுக்கமாக இருந்தால்தான் போட்டிருப்பதே தெரியும். தொழுநோய்க் காலில் பார்த்த அதே புண்தான் சர்க்கரைக் காலிலும் என்று பிராண்ட் அமெரிக்காவில் கண்டுபிடிக்கும் பகுதியை அவருக்குத் தமிழில் சொன்னேன். பாதி கேட்டார். இப்போது பெரிய சைஸ் போடுகிறார், பொண்ணு அதட்டியதால்.

செயற்கை வலி செய்யப் பார்த்த அத்தியாயத்தை டெக்னாலஜியில் ஆர்வம் உள்ளவர்கள் தவறவிடக் கூடாது. கையுறையிலும் சாக்ஸிலும் சென்சார் வைத்து, அழுத்தம் கூடினால் காதில் ஒரு சத்தம். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டார்கள், கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிய வைத்தார்கள், அதுவும் எடுபடவில்லை. கடைசியில் அக்குளில் மின்சார ஷாக் கொடுத்தார்கள். அது வலித்தது. வலித்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? செய்ய நினைத்த வேலையைச் செய்வதற்காக ஸ்விட்சை அணைத்துவிட்டு, முடித்தபின் மறுபடி போட்டுக்கொண்டார்கள். அணைக்க முடியாமல் இருப்பதுதான் வலியின் பலமே என்று ஒப்புக்கொண்டு அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். செல்போனில் நோட்டிஃபிகேஷனைத் தள்ளிவிட்டுக்கொண்டே வாழ்கிற நமக்கு இது புரிய அதிக விளக்கம் தேவையில்லை. தோற்றுப்போன ஆராய்ச்சியை இவ்வளவு விரிவாக எழுதிய விஞ்ஞானப் புத்தகம் நான் அதிகம் பார்த்ததில்லை.

கை அறுவைசிகிச்சைப் பக்கங்களில் ஒன்று மட்டும் சொல்கிறேன். முன்கையில் நல்லபடி இருக்கும் தசையின் நாணை எடுத்து மடங்கிய விரலுக்கு மாற்றிக் கட்டி, விரலை நீட்டவும் பிடிக்கவும் வைக்கிறார்கள். பெரிய சாதனை. 1960-இல் லாஸ்கர் விருது என்கிற பெரிய அமெரிக்க மருத்துவ விருதும் கிடைத்தது. ஆனால் கை சரியாகிப் போன சில பேர் திரும்பி வந்து குறை சொல்கிறார்கள்: கை நேரானதும் பிச்சை கிடைப்பதில்லை, வேலையும் யாரும் தருவதில்லை. அப்புறம்தான் மரவேலை, பொம்மை செய்வது என்று வேலூரில் ஒரு பட்டறையே உருவாகிறது. டாக்டர் கையைத் திருத்துவதோடு கதையை முடிக்காமல் இதையும் எழுதியது எனக்குப் பிடித்தது.

பிடிக்காததும் உண்டு. மூன்றாவது பகுதி இழுக்கிறது. வலிக்குப் பழகுவது எப்படி, மேற்கத்திய நாட்டுக்காரர்கள் சின்ன அசௌகரியத்தையும் தாங்காமல் மாத்திரையைத் தேடுவது ஏன் என்று நவீன வாழ்க்கையைப் பற்றிய பேச்சு. சில இடம் நன்றாக இருக்கிறது. சில இடம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். நாள்பட்ட முதுகுவலியோடு நாள் முழுக்க மெஷின்முன் உட்கார்ந்து தைக்கிற எங்கள் கம்பெனிப் பெண்களிடம் போய் வலி ஒரு வரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எச்சரிக்கை மணி நல்லதுதான். தீ அணைந்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிற மணியை என்ன செய்வது? அதற்கும் பதில் எழுதியிருக்கிறார், எனக்கு அது பத்தவில்லை.

இன்னொன்று. டாக்டர்களின் முகம் தெரிகிற அளவுக்கு உள்ளூர்க் கைவேலைக்காரர்களின் முகம் தெரியவில்லை. அந்தச் செருப்பைத் தைத்தவர்கள், டயர் அறுத்தவர்கள், தையல் எந்தப் பக்கம் வந்தால் காலை உரசாது என்று கண்டுபிடித்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இது நடந்திருக்க வழியே இல்லை என்று தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும்.

ஆங்கிலம் எளிது. பிளஸ் டூ ஆங்கிலத்தோடு, டிக்‌ஷனரியைச் சில இடத்தில் புரட்டிப் படித்துவிடலாம். மருத்துவச் சொற்களை அங்கங்கே விளக்கியும் இருக்கிறார்கள். மருத்துவத் தகவல்களில் சில பழசு. கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களில் வந்த பிறகு தொழுநோய் முழுசாகக் குணமாகிற நோய். அதை மனசில் வைத்துப் படியுங்கள். அவசரக்காரர்கள் நடுப்பகுதியிலிருந்தே தொடங்கலாம், கொல்லிமலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிசியோதெரபி படிக்கிறவர்கள், சர்க்கரை உள்ளவரை வீட்டில் வைத்திருப்பவர்கள், ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஷூ வேலைக்காரர்கள் காசு கொடுத்தே வாங்கலாம். கம்பெனி செலவில் சாம்பிள் ரூமுக்கு ஒரு பிரதி கேட்டிருக்கிறேன். மேனேஜர் சரி என்றுவிட்டார். அக்கவுன்ட்ஸில்தான், இதை எந்தச் செலவுக் கணக்கில் எழுதுவது என்று கேட்டு பில்லை இன்னும் மேசையிலேயே வைத்திருக்கிறார்கள்.