நீதிமன்றமா, நடுவர் முறையா: ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்து ஷரத்து

வணிக ஒப்பந்தம் ஒன்றைப் பேசி முடிக்கும்போது விலைக்கும் பணத் தவணைக்கும் இரு தரப்பும் வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகின்றன. தகராறு வந்தால் எங்கே போவது என்று சொல்லும் கடைசிப் பக்கத்து ஷரத்தோ பழைய ஒப்பந்தத்திலிருந்து அப்படியே நகலெடுக்கப்படுகிறது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். இப்போது எல்லை தாண்டும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் நீதிமன்றத்தை நீக்கிவிட்டு, ஆர்பிட்ரேஷன் என்று வழக்கறிஞர்கள் சொல்லும் நடுவர் முறையை, அதாவது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தனி நடுவர்கள் தீர்ப்புச் சொல்லும் முறையை, எழுதுகிறேன். ஆகவே இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வழக்கமாகச் சொல்லப்படும் வேறுபாடுகளை விரைவாகக் கடந்துவிடலாம். நீதிபதிக்கு அரசு சம்பளம் தருகிறது. நடுவர்களுக்கும் அவர்கள் அமரும் அரங்குக்கும் நாமே பணம் கட்ட வேண்டும், மூன்று நடுவர்கள் என்றால் செலவு அதற்கேற்ப ஏறும். நடுவர் முறை விரைவானது என்பது பாதி உண்மைதான்: எதிர்த்தரப்பு இழுத்தடிக்க நினைத்தால் அங்கும் இழுக்கலாம். ரகசியம் காக்கப்படும் என்பதும் எல்லா நாட்டிலும் தானாக வந்துவிடாது; வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

என் முடிவை மாற்றியது இவற்றில் எதுவும் இல்லை. வென்ற பிறகு பணத்தை எங்கே, எப்படி வசூலிப்பது என்ற ஒரே கேள்விதான் மாற்றியது.

முன்பு ஓர் ஒப்பந்தத்தில் எங்கள் நாட்டு நீதிமன்றத்துக்கே முழு அதிகாரம் என்று எழுதிப் பெரிய வெற்றி பெற்றதாக நினைத்திருந்தேன். சரக்கை எடுத்துக்கொண்ட வாங்குநர் பாக்கியைக் கட்டவில்லை, வழக்குப் போட்டோம், அழைப்பாணை கிடைத்தும் அவர்கள் ஆஜராகாததால் தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. நீதிமன்ற முத்திரையிட்ட அந்தத் தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு வாங்குநரின் நாட்டு வழக்கறிஞரிடம் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்: இரு நாடுகளுக்கும் இடையே தீர்ப்புகளை அங்கீகரிக்கும் உடன்படிக்கை இருக்கிறதா? இல்லை. வாங்குநரின் கிடங்கும் வங்கிக் கணக்கும் அங்கேதான் இருந்தன. அவற்றை ஜப்தி செய்ய அங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும், எங்கள் தீர்ப்பு அதில் ஓர் ஆவணமாக மட்டுமே நிற்கும் என்றார். வாங்குநர் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு ஏன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

நடுவர் தீர்ப்பின் வலு இங்கேதான் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் பிறந்த நடுவர் தீர்ப்பை மற்றொன்றில் நிறைவேற்றக் கேட்கும்போது, அந்நாட்டு நீதிமன்றம் வழக்கின் நியாயத்தை மறுபடி கிளறுவதில்லை. மறுப்பதற்கான காரணங்களை உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு வரையறுத்துவிடுகிறது: நடுவர் உடன்பாடு செல்லாதது, முறையான அறிவிப்போ வாதிடும் வாய்ப்போ தரப்படாதது, நடுவர்கள் தங்கள் வரம்பை மீறியது, தீர்ப்பு பிறந்த நாட்டிலேயே அது ரத்தானது, நிறைவேற்றும் நாட்டின் பொதுக் கொள்கைக்கு முரணானது போன்றவை. கணக்கில் பிழை, சட்டத்தை நடுவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்பவை அந்தப் பட்டியலில் இல்லை.

நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் 2005, 2019 ஆண்டுகளின் ஹேக் உடன்படிக்கைகள் இருக்கின்றன. முதலாவது 2015-இலும் இரண்டாவது 2023-இலும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் அவற்றில் சேர்ந்த நாடுகள் மிகக் குறைவு. வாங்குநரின் நாடும் உங்கள் நாடும் இரண்டும் அவற்றில் இருந்தால் என் வாதத்தின் பாதி பலம் போய்விடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நடுவர் முறைக்கு நான் கொடுக்கும் விலையும் சிறிதல்ல. மேல்முறையீடு ஏறக்குறைய இல்லை. தவறான தீர்ப்பையும் விழுங்கத்தான் வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத உத்தரவாதக்காரரையோ துணை ஒப்பந்தக்காரரையோ பொதுவாக உள்ளே இழுக்க முடியாது. நீதிமன்றத்தில் அவர்களையும் எதிர்வாதிகளாகச் சேர்த்திருக்கலாம். அவசரத் தடையாணைக்கு அவசர நடுவரை நியமிக்கும் வசதியை, நடுவர் வழக்குகளை நிர்வகிக்கும் பாரிஸின் சர்வதேச வர்த்தக சபை தன் 2012-ஆம் ஆண்டு நடுவர் விதிகளில் கொண்டுவந்தது. நான் அதைப் பயன்படுத்தியதில்லை, அதனால் அதற்குச் சான்று சொல்ல மாட்டேன். நடுவர் தீர்ப்பு ஒன்றை நான் கையில் வாங்கியதே ஒரு முறைதான்; அப்போதும் நிறைவேற்ற மனு தயாராகும் முன்பே எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்து பணத்தைக் கட்டிவிட்டது.

நடுவர் முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, வாசகத்தையும் பார்க்க வேண்டும். ‘தகராறுகளைத் தரப்பினர் நடுவரிடம் கொண்டுசெல்லலாம்’ என்று என் பழைய வரைவு ஒன்றில் இருந்தது. அந்த ‘லாம்’ கட்டாயமா விருப்பமா என்பதே தனி வழக்காகிவிடும். ‘நடுவர் தீர்ப்பாயத்தாலேயே இறுதியாகத் தீர்க்கப்பட வேண்டும்’ என்று திருத்தினேன். ‘இந்த ஒப்பந்தத்தின் கீழ்’ என்பதோடு நிறுத்தாமல் ‘இதிலிருந்து எழும் அல்லது இதனோடு தொடர்புடைய’ என்று விரித்தால், ஒப்பந்தமே மோசடியால் பெறப்பட்டது என்ற வாதமும் வழக்கமாக நடுவர் முன்பே வரும். சட்ட இருப்பிடத்தையும், அதாவது எந்த நாட்டின் நடுவர் சட்டத்தின் கீழ் வழக்கு நடக்குமோ அந்த இடத்தையும், பெயர் சொல்லி எழுத வேண்டும். தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் அந்நாட்டு நீதிமன்றத்துக்கே உரியது. ஒப்பந்தத்தை ஒரு நாட்டுச் சட்டம் ஆள, சட்ட இருப்பிடம் வேறு நாடாக இருந்தால், நடுவர் உடன்பாட்டை எந்தச் சட்டம் ஆளும் என்பது இங்கிலாந்தில் நெடுநாள் சர்ச்சையாக இருந்தது; 2025-ஆம் ஆண்டின் நடுவர் சட்டம், தரப்பினர் வெளிப்படையாக வேறு சொல்லாவிட்டால் சட்ட இருப்பிடத்தின் சட்டமே என்று தீர்த்துவைத்தது. நாம் ஒரு வரி எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

உள்நாட்டு வாடிக்கையாளர்களுடனான ஒப்பந்தங்களில் மட்டும் பழைய நீதிமன்ற ஷரத்தை நான் தொடவில்லை. அவர்களின் சொத்து தீர்ப்பு வரும் நாட்டிலேயே இருக்கிறது. பாக்கித் தொகையும் பெரும்பாலும் மூன்று நடுவர்களின் கட்டணத்துக்குக்கூடக் காணாது.