டிடிஎஸ் கன்ட்ரோலர் வைத்த ஆர்.ஓ. மெஷின் ராணிப்பேட்டை போர் தண்ணிக்கு ஒத்து வருமா?

குரோமியம் பயன்படுத்தும் தோல் ஆலைகள் நிறைந்த ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் அசெம்பிள் செய்து விற்கும் 75 ஜிபிடி (நாளுக்கு 75 கேலன்) மெஷின்களில் பெரும்பாலும் செடிமென்ட், கார்பன் வடிகட்டிகள், உப்பையும் உலோகத்தையும் தடுக்கும் மெம்ப்ரேன் சவ்வு, கிருமி கொல்லும் யுவி விளக்கு, கூடவே டிடிஎஸ்ஸைக் (லிட்டரில் கரைந்த உப்பு மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்ற அளவு) கூட்டிக் குறைக்கும் ஒரு கன்ட்ரோலர் திருகு இருக்கும். மெம்ப்ரேனைக் குறை சொல்ல முடியாது. புதிதில் குரோமியம், ஈயம், காட்மியத்தை 95 சதவீதம் அளவுக்குத் தடுக்கும். வில்லங்கம் கன்ட்ரோலர் திருகில்தான்.

"தண்ணி சப்புன்னு இருக்கு" என்றதும் மெக்கானிக் அரைச் சுற்று திறந்துவிடுவார். ருசி வந்துவிடும். கூட வருவது மெம்ப்ரேனுக்குள் போகாத போர் தண்ணி. டிடிஎஸ் 1500, குரோமியம் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருகு மூடியிருந்தால் குழாயில் டிடிஎஸ் 75, குரோமியம் 0.025. ருசிக்காக டிடிஎஸ்ஸை 250 ஆக்கினால் எட்டில் ஒரு பங்கு போர் தண்ணி கலந்து, குரோமியம் 0.08 ஆகிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 வைக்கும் வரம்பு 0.05. மீட்டரில் 250 பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உலோகம் அதில் தெரியாது. யுவி உலோகத்தை ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தால் தண்ணி வற்ற வற்றச் செறிவுதான் ஏறும்.

இதற்கு ஏன் இவ்வளவு கறார்? கிருமி போல உலோகம் இரண்டு நாளில் காய்ச்சலாகக் காட்டிக்கொடுக்காது. ஈயம், நோய் எதிர்ப்பு சக்தியின் பகுதியான டி செல்களின் சமநிலையை ஒவ்வாமைப் பக்கம் சாய்க்கும். ஆர்செனிக், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களை மந்தமாக்கும். குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் தோலுக்குள் புகுந்து மூன்று இணைதிறனாக மாறி நம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். டி செல்கள் அதை அந்நியப் பொருளாகப் பதிந்துகொள்ளும். சிமென்ட் குழைக்கும் கொத்தனார் கையில் வரும் குரோமேட் அரிப்பு இந்த வகைதான், ஒருமுறை பதிந்தால் லேசில் போகாது. குடிக்கும் ஆறு இணைதிறன் குரோமியத்தில் ஒரு பகுதியை வயிற்று அமிலமே மூன்று இணைதிறனாக மாற்றிவிடும் என்பதும் உண்மை. அதற்காகத் திருகைத் திறந்துவைக்க வேண்டியதில்லை.

மெஷினை வாங்கலாம், திருகை முழுக்க மூடச் சொல்லி. ருசி வேண்டுமானால் மெம்ப்ரேனுக்குப் பிறகு மினரல் கார்ட்ரிட்ஜ் போதும். மாதம் ஒருமுறை உள்ளே போகும் டிடிஎஸ்ஸையும் வெளியே வருவதையும் அளந்து பாருங்கள். உள்ளே 1500 இருக்கும்போது வெளியே 225 தாண்டினால் மெம்ப்ரேன் மாற்றும் நேரம். உப்புத் தண்ணியில் ஆன்டிஸ்கேலன்ட் (மெம்ப்ரேனில் உப்பு படியாமல் தடுக்கும் பொருள்) இல்லாவிட்டால் அந்த நேரம் சீக்கிரமே வரும்.

லேபுக்குக் கொடுக்கும்போது மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் சேர்த்த பாட்டில் கேளுங்கள். ஆறு இணைதிறனுக்கு அமிலம் இல்லாத தனி பாட்டில், ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

வேஸ்ட் பைப்பில் வருவது போர் தண்ணியைவிடச் செறிவானது. கழிப்பறைக்கு ஊற்றுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.